'சி' குறி போட்ட ஐந்து டாலர் தங்கக் காசு: இந்த இரண்டில் எதை வாங்கலாம்?

சார்லட்வாசி:

வணக்கம் நண்பர்களே. ஏழு வருடமாக வட கரோலினாவில் சார்லட் நகரத்தில் இருக்கிறேன். போன மாதம் மகளைக் கூட்டிக்கொண்டு ராண்டால்ஃப் சாலையில் இருக்கும் மின்ட் மியூசியத்துக்குப் போனேன். பெயரில் ஏன் 'மின்ட்' இருக்கிறது என்று இத்தனை நாள் யோசித்ததே இல்லை. 1838 முதல் 1861 வரை தங்கக் காசு அடித்த நாணயச்சாலையின் கட்டடமே அதுதான். முதலில் நகர நடுவில் இருந்ததாம். இடிக்கப் போனபோது ஊர்க்காரர்கள் பணம் திரட்டி, அந்தக் கல்லையும் செங்கல்லையும் கொண்டுவந்து இங்கே திரும்பக் கட்டி, 1936-ல் அருங்காட்சியகமாகத் திறந்திருக்கிறார்கள்.

அன்றைக்குப் பிடித்த ஆசை இன்னும் விடவில்லை. இந்த ஊரில் அடித்த காசு ஒன்றாவது என்னிடம் இருக்க வேண்டும். ஹாஃப் ஈகிள் என்கிற ஐந்து டாலர் காசு இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டும் தரச்சான்று நிறுவனம் சோதித்து, கிரேடு போட்டு மூடிய பெட்டியில் இருப்பவை, விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

கிரேடு என்பது தேய்மானத்தைப் பார்த்துப் போடும் மதிப்பெண், எண் கூடினால் தேய்மானம் குறைவு. முதலாவது 1847-சி ('சி' என்றால் சார்லட்டில் அடித்தது), கிரேடு ஏ.யூ. 53. பளபளவென்று எலுமிச்சை மஞ்சளில் இருக்கிறது. இரண்டாவது 1857-சி, கிரேடு எக்ஸ்.எஃப். 45. கொஞ்சம் மங்கல், செம்மண் நிறம், எழுத்துகளின் இடுக்கில் கறுப்பாக என்னவோ அடைந்திருக்கிறது.

எண்ணைப் பார்த்தால் முதலாவதுதான் சரி என்று தோன்றுகிறது. ஆனால் கை போகவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். இன்னொரு கேள்வி: அதே வருடம் ஃபிலடெல்ஃபியாவில் அடித்த காசு ஏறக்குறைய தங்க விலைக்கே கிடைக்கிறது. அடியில் ஒரு 'சி' இருந்தால் மட்டும் விலை ஏன் பல மடங்கு ஏறுகிறது?

பழங்காசு:

தம்பி, முதலில் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அது தெரிந்தால் முதல் கேள்விக்குப் பதில் பாதி கிடைத்துவிடும்.

நீங்கள் இருக்கும் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய கபாரஸ் கவுன்டியில், 1799-ல் கான்ராட் ரீட் என்ற 12 வயதுப் பையன் ஓடையில் மஞ்சளாக ஒரு கல்லைக் கண்டெடுத்தான். 17 பவுண்டு எடை. என்னவென்று தெரியாமல் மூன்று வருடம் வீட்டுக் கதவு சாத்தாமல் இருக்க முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள். 1802-ல் அவன் அப்பா அதை ஒரு நகை வியாபாரியிடம் மூன்றரை டாலருக்கு விற்றார். உண்மை மதிப்பு மூவாயிரம் டாலருக்கும் மேல். அமெரிக்காவின் முதல் தங்க வேட்டை அந்த ஓடையில்தான் தொடங்கியது. கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைத்தது அதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து, 1848 ஜனவரியில்.

ஆனால் நாணயச்சாலை இருந்தது ஃபிலடெல்ஃபியாவில். ரயில் வராத காலம், வழியில் கொள்ளை பயம் வேறு. சுரங்கக்காரர்கள் தங்கப் பொடியை நிறுத்துப் பொருள் வாங்கினார்கள், ஒவ்வொரு கைமாற்றிலும் கொஞ்சம் சிந்தியது. இதைப் பார்த்துத்தான் கிறிஸ்டோஃபர் பெக்ட்லர் என்ற ஜெர்மானியப் பொற்கொல்லர் 1831-ல் ரதர்ஃபோர்ட்டனில் தனியாகவே காசு அடிக்க ஆரம்பித்தார். அமெரிக்காவின் முதல் ஒரு டாலர் தங்கக் காசு அவருடையது, அரசாங்கத்துடையது இல்லை. 1835-ல் காங்கிரஸ் சட்டம் போட்டு சார்லட், ஜார்ஜியாவின் டலானிகா, நியூ ஆர்லியன்ஸ் மூன்று இடத்திலும் கிளை அக்கசாலை வைத்தது. மூன்றும் 1838-ல் வேலையைத் தொடங்கின. சார்லட்டும் டலானிகாவும் தங்கம் மட்டுமே அடித்தன.

இப்போது எண்ணிக்கையைப் பாருங்கள். 1847-ல் ஃபிலடெல்ஃபியா அடித்த ஹாஃப் ஈகிள் 9,15,981. அதே வருடம் சார்லட்டில் 84,151. அந்த ஊர் ஹாஃப் ஈகிளில் இதுதான் மிக அதிகம்! உங்கள் 1857-சி 31,360 மட்டுமே. 1844 ஜூலையில் கட்டடம் தீப்பிடித்ததால் 1845-ல் ஒரு காசும் அடிக்கவில்லை.

அடித்தது குறைவு என்பது ஒரு பக்கம். தப்பிப் பிழைத்தது அதைவிட எவ்வளவோ குறைவு. இந்தக் காசுகள் கடையில், சந்தையில், சுரங்கக் கூலியில் கைமாறித் தேய்ந்தவை. அந்தக் காலத்துப் பணக்காரச் சேகரிப்பாளர்கள் ஃபிலடெல்ஃபியாவின் மெருகேற்றிய ப்ரூஃப் காசுகளைத்தான் வாங்கினார்கள். மின்ட் மார்க், அதாவது எந்த நாணயச்சாலை என்று சொல்லும் எழுத்தைப் பார்த்துச் சேர்க்கலாம் என்ற எண்ணத்தைப் பரப்பியது 1893-ல் அகஸ்டஸ் ஹீட்டன் வெளியிட்ட சிறு நூல். அதற்குள் சார்லட் மூடி 32 வருடம் ஆகியிருந்தது. புதுக்காசாக எடுத்து வைக்க ஒருவரும் இல்லாமல் போனார்கள்.

இனி உங்கள் தேர்வு. நான் 1857-சி பக்கம். அந்தக் கறுப்பு உங்களுக்கு அழுக்காகத் தெரிகிறது, எனக்கு அது சாட்சி. நூற்று அறுபது வருடத்துக்கும் மேலாக யாரும் அதைத் தேய்க்கவில்லை என்று சொல்கிறது. படம் இருந்தால் போடுங்கள்.

உரைகல்:

பழங்காசு ஐயா சொன்னதற்கு மேல் நான் தொழில் பக்கத்திலிருந்து பேசுகிறேன். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறை தங்க வேலை. நான்தான் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டேன்.

ஹாஃப் ஈகிளின் எடை 8.359 கிராம், ஆயிரத்துக்கு 900 பங்கு தங்கம், மீதி பெரும்பாலும் செம்பு. நம் ஊர்க் கணக்கில் ஒரு பவுனுக்குக் கொஞ்சம் மேலே, 916-க்குக் கொஞ்சம் கீழே. சுத்தத் தங்கம் ஏழரை கிராம். அகலம் 21.6 மில்லிமீட்டர்.

செம்பு கலந்திருப்பதால்தான் வருடக்கணக்கில் காற்றுப் பட்டு மேலே செம்மை ஏறுகிறது. அந்தத் தோல் மிக மெல்லியது. ஒருமுறை போனால் திரும்பாது. இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். முதன்முதலில் வாங்கியது 1851-சி ஒரு டாலர் காசு. சட்டைப் பொத்தானைவிடச் சின்னது, 13 மில்லிமீட்டர். மங்கலாக இருந்தது. ஊரில் அம்மா நகையைக் கழுவுவது போலப் பூந்திக்கொட்டையை ஊறவைத்து, நுரை பொங்கப் பழைய பிரஷ்ஷால் இரண்டே நிமிடம் மெல்லத் தேய்த்தேன். பளிச்சென்று வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். விற்கக் கொண்டுபோனபோது டீலர் விளக்கடியில் சாய்த்துக் காட்டினார். சுதந்திர தேவியின் கன்னத்திலிருந்து விளிம்பு வரை ஒரே திசையில் மயிரிழை மயிரிழையாகக் கீறல். நகைக்கு அது மெருகு, காசுக்கு அது காயம். வாங்கியதில் பாதிதான் கிடைத்தது.

அதனால் யாரும் கழுவாதீர்கள். பூந்திக்கொட்டை, பல்பொடி, எலுமிச்சை, துணி எதுவும் வேண்டாம். உரைகல்லில் உரசிப் பார்க்கவே கூடாது!

இன்னொன்று, விளிம்பில் பன்னிரண்டு மணி இடத்தைக் கட்டாயம் பாருங்கள். அந்தக் காலத்தில் அங்கேயும் காசை வளையம் பற்றவைத்துப் பதக்கமாக மாட்டினார்கள், நம் காசுமாலை மாதிரி. பின்னால் வளையத்தை எடுத்துவிட்டு ராவி வைத்திருப்பார்கள். அந்த இடத்தில் மட்டும் விளிம்பின் வரிகள் மழுங்கி, பற்று ஓடிய நிறம் வேறாக இருக்கும்.

மலையடி:

நான் அட்லான்டாவில் இருக்கிறேன், டலானிகா இங்கிருந்து ஒன்றரை மணி நேரம். சார்லட் அண்ணாவுக்கு எங்கள் பக்கத்துக் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

டலானிகா என்ற பெயர் செரோக்கி மொழியில் மஞ்சள் என்ற சொல்லிலிருந்து வந்தது. அந்த மலையில் 1820-களின் கடைசியில் தங்கம் கிடைத்தபோது நிலம் செரோக்கி மக்களுடையது. ஜார்ஜியா அதைக் குலுக்கல் போட்டு வெள்ளையர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. 1838-ல் அந்த மக்களைத் துப்பாக்கி முனையில் கூட்டி மேற்கே நடத்திப் போனார்கள். வழியில் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். அதே 1838-ல்தான் அங்கே முதல் தங்கக் காசு அடித்தார்கள். என்னிடம் ஒரு 1838-டி ஹாஃப் ஈகிள் இருக்கிறது, 'டி' டலானிகாவின் குறி. 1840-லிருந்து வந்த ஹாஃப் ஈகிள்களில் பின்பக்கம் கழுகின் கீழே இருக்கும் மின்ட் மார்க், 1838, 1839 ஹாஃப் ஈகிள்களில் முன்பக்கம் வருடத்துக்கு மேலே இருக்கும். ஒவ்வொரு முறை பெட்டியைத் திறக்கும்போதும் வருடத்தின் நான்கு இலக்கமும் கண்ணில் படுகிறது, அந்த நடைபயணமும் கூடவே வருகிறது. இதைச் சொல்லாமல் இந்தக் காசைப் பற்றிப் பேச எனக்கு மனம் வராது.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பின்பக்கம் மதிப்பை 'ஃபைவ் டி' என்றுதான் எழுதியிருக்கும். அந்த 'டி' டாலர். மின்ட் மார்க் அதற்கு மேலே, கழுகின் அடியில் தனியாகச் சின்னதாக இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு 'என்னிடம் டலானிகா காசு இருக்கிறது' என்று வருபவர்கள் உண்டு. அப்புறம், 1906-லிருந்து டென்வரும் 'டி' போடுகிறது. 1861 வரைக்கும் உள்ள 'டி' மட்டுமே எங்கள் ஊர்.

சார்லட்வாசி:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. டீலரிடம் கேட்டு வாங்கிய படங்களைப் போட்டிருக்கிறேன். இரண்டாவதில் கழுகின் நெஞ்சுக் கேடயம் மழமழவென்று இருக்கிறதே, அது தேய்மானம்தானே?

பழங்காசு:

படத்தை வைத்து முழுதாகச் சொல்ல முடியாது. தேய்மானத்தையும் சரியாக அடிபடாததையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அச்சுகள் ஃபிலடெல்ஃபியாவில் செய்து தெற்கே வந்தவை, ஆனால் வில்லை (அச்சு விழாத வெறும் வட்டத் தகடு) தயாரிப்பதும் அழுத்தி அடிப்பதும் உள்ளூர் வேலை. தங்கம் சரியாகப் பதம் வராமல் கெட்டியாக இருந்தால் அச்சின் ஆழத்துக்குள் ஏறாது. அப்படிப் பிறக்கும்போதே மழுங்கிய காசுகள் ஏராளம். 1859-சி ஒரு டாலரை முதல் தடவை பார்ப்பவர்கள் பயந்தே போவார்கள், ஒரு பக்கம் எழுத்தே நிற்காது. 1860-டி, 1861-டி ஒரு டாலர்களில் 'யுனைட்டெட்' என்ற சொல்லின் முதல் எழுத்து கண்ணுக்கே அரிதாகத்தான் தெரியும்.

பிரிப்பது இப்படி: தேய்ந்த மேட்டில் தோல் போய் நிறம் மாறியிருக்கும், வழவழப்பாக மினுங்கும். அடிபடாத மேட்டில் பக்கத்துச் சமதளத்தில் உள்ள அதே மினுமினுப்பும் வில்லையின் பழைய சொரசொரப்பும் இருக்கும். ஒற்றை விளக்கின் கீழ் காசை மெல்லச் சுழற்றுங்கள். ஒளி ஒரு சக்கர ஆரம் போலக் கூடவே சுற்றி வந்தால் தோல் உயிரோடு இருக்கிறது. மொத்தமும் ஒரே நேரத்தில் பளிச்சிட்டு ஒரே நேரத்தில் அணைந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

உங்கள் 1847-சி படத்தில் நட்சத்திரங்களின் மூலைகூடத் துடைத்து வைத்தது போல் இருக்கிறது. காசுக்கு மூலையில் ஒன்றுமே இல்லையென்றால் எனக்குச் சந்தேகம்தான்.

கடலோடி:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சார்லட், டலானிகா காசுகளை எனக்கும் பிடிக்கும். ஆனால் முதல் காசாக, மழுங்கலா தேய்மானமா என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் ஒன்றை ஒருவர் தலையில் ஏன் கட்ட வேண்டும்? 1857-எஸ் டபுள் ஈகிள், அதாவது 'எஸ்' குறி போட்ட இருபது டாலர் காசு ஒன்றை வாங்கச் சொல்லுங்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் அடித்து, எஸ்.எஸ். சென்ட்ரல் அமெரிக்கா கப்பலில் நியூயார்க்குக்குப் போய்க்கொண்டிருந்த தங்கம். 1857 செப்டம்பர் 12 அன்று கரோலினாக் கடற்கரைக்கு அப்பால் புயலில் மூழ்கியது, நானூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தத் தங்கம் வராமல் போனது அந்த வருட வங்கி நெருக்கடியை இன்னும் மோசமாக்கியது. 1988-ல் எடுக்க ஆரம்பித்தபோது ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட 1857-எஸ் டபுள் ஈகிள்கள் நேற்று அடித்தது போல வெளியே வந்தன. உப்புத் தண்ணீர் தங்கத்தை ஒன்றும் செய்யாது. ஒரு கையும் படாத காசு வேண்டும் என்றால் இதைவிட எது?

பழங்காசு:

கடலோடி, நல்ல கேள்வி. ஆனால் அவையும் கை படாதவை இல்லை. கடலடியில் துரு படிந்து செம்மண் கட்டி போல ஒட்டிக் கிடந்ததை ரசாயனத்தில் ஊறவைத்துப் பொறுமையாகப் பிரித்தெடுத்தார்கள். அருமையான வேலை, உள்ளே லஸ்டர், அதாவது அடித்தபோது வந்த மினுமினுப்பு கெடவே இல்லை, ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் அந்தக் காசு ஒரு நாள்கூட ஒருவர் பையில் இருந்ததில்லை. அடித்த வருடமே பெட்டிக்குள், பெட்டியோடு கடலுக்குள். எனக்கு வேண்டியது கைமாறிய காசு. அது என் விருப்பம், சட்டமில்லை.

கடலோடி:

சரி, அங்கேதான் நாம் பிரிகிறோம். எனக்கு அது கடலுக்குள் போனதே கதை. சார்லட்வாசிக்கு எது வேண்டும் என்று அவர் சொல்லட்டும். ஆனால் சான் ஃபிரான்சிஸ்கோ காசு என்றால் மலிவு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 1854-எஸ் ஹாஃப் ஈகிள் அடித்ததே 268. வெகு காலம் மூன்றே மூன்றுதான் தெரிந்தது, ஒன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில். 2018-ல் நான்காவது கிளம்பியது. வைத்திருந்தவர் பலரிடம் காட்டி, போலி என்றே பதில் வாங்கியிருக்கிறார். கடைசியில் தரச்சான்று நிறுவனம் அச்சை மற்ற காசுகளோடு ஒப்பிட்டு அசல் என்று சொன்னது.

உரைகல்:

போலி பேச்சு வந்ததால் சொல்கிறேன். எடை போட்டுப் பார்ப்பது நல்லது, அது முதல் படிதான். தண்ணீரில் தொங்கவிட்டு நிறுத்தால் அசல் ஹாஃப் ஈகிள் அரை கிராமுக்குச் சற்றுக் குறைவாக எடை இழக்கும், அதாவது ஒப்படர்த்தி 17-க்குக் கொஞ்சம் மேலே. முலாம் பூசிய பித்தளை இதில் மாட்டிக்கொள்ளும். ஆனால் 20-ம் நூற்றாண்டின் நடுவில் மத்தியக் கிழக்கில் செய்த போலிகள் சரியான எடையில், அசலின் அதே தரத் தங்கத்திலேயே வந்தன. காசின் அபூர்வ விலைக்கும் தங்க விலைக்கும் உள்ள இடைவெளிதான் அவர்கள் லாபம். ஒரு கைகாரர் 1882 மூன்று டாலர் காசில் 'லிபர்ட்டி'யின் 'ஆர்' வளைவுக்குள் ஒமேகா என்ற கிரேக்க எழுத்தைக் கையெழுத்தாகவே ஒளித்து வைத்தார்.

நம் விஷயத்தில் பெரிய ஆபத்து வேறு: ஃபிலடெல்ஃபியாவின் அசல் காசில் ஒரு 'சி'யை ஒட்டிவிடுவது. பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பில் (கைலென்ஸில்) எழுத்தின் அடிவாரத்தைப் பாருங்கள். அச்சில் பிறந்த எழுத்து தரையிலிருந்து வழிந்து எழும்பினாற்போல இருக்கும். ஒட்டியதற்குக் கீழே மெல்லிய பிளவுக் கோடு தெரியும், சுற்றிலும் நிறம் மாறியிருக்கும். பெட்டியில் இல்லாத காசைப் புதியவர்கள் வாங்கவே வேண்டாம்.

புதுமுகம்_22:

இடையில் ஒரு சின்ன சந்தேகம். 1933-ல் தங்கத்தை எல்லாம் அரசாங்கம் பிடுங்கிக்கொண்டது என்கிறார்களே, அப்போது இவை எப்படித் தப்பின?

மலையடி:

அதிபர் ரூஸ்வெல்ட்டின் 1933 ஏப்ரல் உத்தரவிலேயே அரிய காசுகளைச் சேகரிப்பவர்களுக்கு விலக்கு இருந்தது. ஆனால் எது அரியது என்று தெரியாத சாதாரண மக்கள் பெட்டியில் இருந்ததைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள், கட்டியாக உருகிப்போனது எத்தனையோ. ஐரோப்பிய வங்கிகளின் பெட்டகங்களுக்கு முன்பே போயிருந்தவை பின்னால் திரும்பி வந்தன.

என் ஊர்க் காசில் கடைசியாக ஒன்று. 1861-ல் ஜார்ஜியா பிரிந்து போனபின் டலானிகா நாணயச்சாலை, பிரிந்து போன தென் மாநிலங்களின் கூட்டமைப்பின் கைக்கு வந்தது. மிச்சமிருந்த தங்கத்தில், அமெரிக்க அரசின் அச்சிலேயே, 1861-டி ஒரு டாலர் அடித்தார்கள். எத்தனை என்று ஏட்டில் ஏறவே இல்லை. முழுக்க முழுக்கக் கூட்டமைப்பின் ஆளுகையில் அடித்தது என்று சொல்லக்கூடிய அமெரிக்கத் தங்கக் காசு அது. அந்தக் கட்டடம் 1878-ல் எரிந்துவிட்டது, அதன் அடித்தளத்தின் மேல் இன்று கல்லூரிக் கட்டடம் நிற்கிறது. உச்சிக் கோபுரத்துக்குத் தங்க ரேக்கு பூசியிருக்கிறார்கள். ஊரில் பழைய நீதிமன்றத்திலேயே தங்க அருங்காட்சியகம் இருக்கிறது. வந்தால் சொல்லுங்கள், நானே கூட்டிப் போகிறேன்.

சார்லட்வாசி:

தாமதமாக எழுதுகிறேன், மன்னிக்கவும். சனிக்கிழமை பக்கத்தில் நடந்த காசுச் சந்தைக்கு அந்த டீலர் வந்திருந்தார். இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்தேன்.

பழங்காசு ஐயா சொன்னபடி மேசை விளக்கைத் தவிர மற்றதுக்கெல்லாம் முதுகு காட்டி உட்கார்ந்து சுழற்றினேன். 1847-சி ஒரே அடியாக மின்னி அணைந்தது. லூப்பில் பார்த்தால் கன்னத்தில் மெல்லிய கோடுகள், உரைகல் அண்ணா சொன்ன பூந்திக்கொட்டைக் கதையேதான். 1857-சியைச் சுழற்றியபோது நட்சத்திரங்களுக்கும் விளிம்புக்கும் நடுவில் ஒளி நகர்ந்து போனது. நெற்றிப்பட்டையில் 'லிபர்ட்டி' எழுத்துகளுக்கு இடையில் அந்தக் கறுப்பு, தேவியின் முடிச்சுருள்களுக்குள்ளும் அதே கறுப்பு. கேடயம் மழுங்கியிருந்தது, ஆனால் அங்கேயும் நிறம் மாறவில்லை. அடிபடாததுதான்.

கடலோடி, நீங்கள் சொன்ன கப்பல் காசையும் ஒரு மேசையில் பார்த்தேன். அவ்வளவு அழகு, மூச்சே நின்றுவிட்டது. ஒருநாள் வாங்குவேன். முதல் காசு மட்டும் இந்த ஊர்க்காசாக இருக்கட்டும் என்று 1857-சியை எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மகள் லூப்பைப் பிடுங்கிக்கொண்டாள். கழுகின் அடியில் 'சி' எங்கே என்று தேடி, முதலில் 'ஃபைவ் டி'யைக் காட்டினாள். அப்புறம் கண்டுபிடித்துவிட்டாள். விளிம்பில் மூன்று மணி இடத்தில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறது, யார் கீழே போட்டார்கள் என்று கேட்கிறாள்.

பழங்காசு:

வாழ்த்துகள் தம்பி. பெட்டியை வெயில் படாத, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். அந்தப் பள்ளத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் படம் எடுத்துப் போடுங்கள், பார்ப்போம்.